பூரிம் கட்டான்: லீப் வருடத்தின் சின்னப் பூரிமைக் கடைப்பிடிக்கும் முறை

பூரிம் என்பது எஸ்தர் காலத்தில் பாரசீகத்தில் யூதர்கள் அழிவிலிருந்து தப்பியதைக் கொண்டாடும் யூதப் பண்டிகை. முதலில் வருடத்தைப் பாருங்கள். எபிரேய ஆண்டை 19ஆல் வகுத்து மீதி 0, 3, 6, 8, 11, 14, 17 இவற்றில் ஒன்றாக வந்தால் அந்த ஆண்டுக்கு 13 மாதம். அதார் மாதம் இரண்டு தடவை வரும். 5787க்கு (2026–27) மீதி 11. 2023இல் அதி (கூடுதல்) எசல போயா என்ற பௌர்ணமி நாளுக்குப் பிறகு எசல போயா வந்ததைக் கண்ட கொழும்புக்காரருக்கு இது புதிதல்ல. அங்கே போலவே இங்கும் கூடுதல் மாதம்தான் முந்தி வரும். உண்மையான பூரிம் இரண்டாம் அதாரில், பஸ்காவுக்கு ஒரு மாதம் முன்னால். பூரிம் நினைவூட்டும் மீட்பும், பஸ்கா நினைவூட்டும் எகிப்திலிருந்து கிடைத்த மீட்பும் அருகருகே நிற்க வேண்டும் என்பது யூதச் சட்ட நூலான தல்மூத் சொல்லும் காரணம்.

முதல் அதார் 14 பூரிம் கட்டான். 2027இல் அது பெப்ரவரி 20 சனிக்கிழமை சூரியன் மறைந்ததும், கொழும்பில் 6.20 அளவில், தொடங்கி ஞாயிறு மாலை முடியும். அன்று உபவாசமும் இரங்கல் உரையும் கூடாது. வழிபாட்டில் தஹனூன் மன்றாட்டை விட்டுவிடுங்கள். ஞாயிறு பகல் சாப்பாட்டில் ஒரு கறியோ இனிப்போ கூட்டினால் போதும். பெரிய விருந்து தேவையில்லை.

எஸ்தர் சுருள் (விவிலியத்தின் எஸ்தர் நூல்) வாசிப்பு, பலகாரம் அனுப்புதல், ஏழைகளுக்கான கொடை மூன்றும் அன்றைக்கு இல்லை. சுருளை அன்று வாசித்தாலும் கடமை தீராது, மார்ச் 22 இரவும் 23 பகலும் திரும்ப வாசிக்கத்தான் வேண்டும். கலண்டரில் வெறுமனே ‘அதார் 14’ என்று குறிப்பதால்தான் நாள் மாறி வாசிக்கும் இந்தப் பிழை வருகிறது. முதலா இரண்டா என்று சேர்த்தே எழுதுங்கள்.