மறதி நோய் இல்லத்தில் இருப்பவர்களிடமே கேட்பது எப்படி

அம்மா இருந்த இல்லத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு படிவம் நீட்டுவார்கள். சாப்பாடு எப்படி, சுத்தம் எப்படி, ஆட்கள் எப்படி, எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு மதிப்பெண் போட வேண்டும். போட்டது நான். அங்கே சாப்பிட்டதும் குளித்ததும் தூங்கியதும் அம்மா. இது என் மண்டையில் உறைக்கவே ரொம்ப நாள் ஆனது.

'மறதி வந்தவங்ககிட்ட கேட்டு என்ன பண்றது' என்பார்கள். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பதில் வராதுதான். அது ஞாபகசக்திக்கு வைக்கும் பரீட்சை. இப்போது நடப்பதைக் கேளுங்கள். குளியலைப் பற்றி என்றால், வெந்நீர் விளாவும்போது கையை நனைக்க வைத்து, "இந்தச் சூடு போதுமாம்மா?" காபியை எதில் கொடுப்பது என்று தெரிய வேண்டுமா, எவர்சில்வர் டம்ளரையும் பிளாஸ்டிக் கப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், கை எதற்குப் போகிறது என்று பாருங்கள். அதுவும் பதில்தான், நோட்டில் எழுத வேண்டும்.

கேட்கும் முன் சில்லறை வேலைகள் உண்டு. மூக்குக் கண்ணாடி துடைத்திருக்கிறதா, காது மெஷினில் பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். நின்றுகொண்டு கேட்காமல் எதிரில் உட்காருங்கள். காலை டிபனுக்கு அப்புறம் நல்ல நேரம், பொழுது சாயும்போது பலருக்குப் படபடப்பு கூடிவிடும். சின்ன வயதில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசி வளர்ந்தவர் என்றால் அந்த மொழி தெரிந்த ஒருவரை அழைத்து வாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு கேள்வி, கேட்டபின் வாயைத் திறக்காமல் காத்திருங்கள். பதினைந்து நொடி சும்மா இருப்பது எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான், விட்டுவிடுங்கள்.

குளிப்பாட்டும் ஆயா பக்கத்தில் நிற்கும்போது "நல்லா பாத்துக்கிறாங்களா?" என்று கேட்டால் யாராக இருந்தாலும் "ஆமா" என்றுதான் சொல்வார்கள். ஆள் இல்லாதபோது, கேள்வியைத் திருப்பிப் போட்டு, வேறொரு நாளும் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளும் கொஞ்சம் தள்ளி இருப்பது நல்லது, நாங்கள்தான் முந்திக்கொண்டு பதில் சொல்லும் கூட்டம்.

வார்த்தை தடுமாறுபவர்களுக்குப் படம் உதவும். ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்தில் உருவான டாக்கிங் மேட்ஸ் என்ற முறையில் பட அட்டைகளைப் பிடிக்கும், பிடிக்காது, ரெண்டுங்கெட்டான் என்று ஒரு விரிப்பில் பிரித்து வைக்கச் சொல்வார்கள். அதே யோசனையில், அந்த இல்லத்தின் குளியலறை, மொட்டைமாடி, சாப்பாட்டு மேசை ஆகியவற்றை போனில் எடுத்து பிரின்ட் போட்டுப் பாருங்கள்.

பேச்சே நின்றவர்களைக் கவனிக்கத்தான் வேண்டும். டாம் கிட்வுட்டும் கேத்லீன் பிரெடினும் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய டிமென்ஷியா கேர் மேப்பிங் (டிமென்ஷியா என்பது மறதி நோய்) என்ற முறையில், பொது அறையில் உட்கார்ந்து 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் என்ன செய்கிறார், முகம் எப்படி இருக்கிறது என்று குறிப்பார்கள். முறைப்படி செய்யப் பயிற்சி வேண்டும், ஆனால் ஒரு நோட்டோடு அரை மணி நேரம் கூடத்தில் உட்கார யாரும் தடுக்கப்போவதில்லை. அம்மா தினமும் "வீட்டுக்குப் போகணும்" என்பார், எல்லாரும் நோய் என்று விட்டுவிட்டோம். ஒரு வாரம் நேரத்தைக் குறித்துப் பார்த்தால் பெரும்பாலும் சாயங்காலம், டிவி சீரியலில் யாராவது கத்தி அழும்போதுதான். அந்த டிவி யாருக்காக ஓடியது என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த நேரத்தில் அணைக்கச் சொன்னோம். அம்மா வீட்டுக்குப் போகக் கேட்பது நிற்கவில்லை, குறைந்தது.

நோட்டு நிரம்பியதும் மேனேஜரிடம் மட்டும் போகாதீர்கள், சமையற்காரரையும் இரவு ஷிஃப்ட் ஆட்களையும் உட்கார வையுங்கள். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம், இரண்டு வாரம் பார்த்துவிட்டு மறுபடி கேளுங்கள். "சொன்னீங்களே, மாத்திட்டோம்" என்று நோட்டீஸ் ஒட்டினால் அவர்களுக்குப் போய்ச் சேராது. காபியை டம்ளரில் கொண்டுபோய்க் கையில் கொடுத்து, "நீங்க கேட்டதும்மா" என்று அங்கேயே சொல்லுங்கள். நாளைக்கு மறந்திருப்பார், நாளைக்கும் சொல்லுங்கள்.