காரின் பின்பக்க ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும்: வீட்டு வாசலிலேயே மாற்றுவது எப்படி?

வேகத்தடை ஏறி இறங்கிய பிறகும் வண்டியின் பின்பக்கம் இரண்டு மூன்று முறை துள்ளுகிறதா? குனிந்து பாருங்கள். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். ஒன்று மட்டும் கெட்டிருந்தாலும் ஜோடியாகவே மாற்றுங்கள். கெட்ட ஷாக்கோடு தொப்பூர் கணவாய் இறங்குவது ஆபத்து.

முதல்முறை செய்பவர்கள் பின்பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்விஃப்ட் போன்ற வண்டிகளில் பின்னால் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. முன்னால் ஷாக்கைச் சுற்றி ஸ்பிரிங் அமுங்கியே இருக்கும். அதை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் நடு நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் தெறித்து ஆளை அடித்துவிடும்.

வண்டியின் உயரத்தைத் தாழ்த்தும் ஸ்பிரிங் வாங்காதீர்கள். பென்னாகரம் பக்கத்துக் கிராமச் சாலை வேகத்தடைகளில் அடிப்பாகம் உரசும்.

முந்தின நாள் இரவே போல்ட்டுகளில் துரு இளக்கும் ஸ்பிரே அடித்துவிடுங்கள். மறுநாள் சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தி, முதல் கியரில் போட்டு, முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள். செம்மண் தரை வேண்டாம், ஸ்டாண்டு புதைந்துவிடும். கிருஷ்ணகிரிப் பக்கம் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லைதான். ஆனாலும் வண்டியைக் கல் அடுக்கித் தாங்க வைக்காதீர்கள், கல் பிளக்கும். பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, இரண்டு ஜாக் ஸ்டாண்டு (வண்டியைத் தாங்கும் இரும்புத் தாங்கி) மேல் உட்கார வைப்பது கட்டாயம். கழற்றிய சக்கரங்களையும் வண்டிக்கு அடியில் படுக்க வையுங்கள்.

ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்துக்கு அடியில் ஜாக்கியை முட்டுக் கொடுத்து, ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, ஜாக்கியை மெதுவாக இறக்குங்கள். மறுபக்கமும் அப்படியே. பிரேக் ஹோஸ் இழுபடாமல் ஒரு கண் அங்கேயே இருக்கட்டும். பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குத் தண்டு) தாழ்ந்ததும் ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வரும். ஷாக்கின் மேல் நட்டு சில வண்டிகளில் டிக்கிக்குள்ளும், சிலவற்றில் சக்கர வளைவுக்குள்ளும் இருக்கும்.

புது ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை அமுக்கி இழுத்தால் உள்ளே எண்ணெயில் சிக்கிய காற்று விலகிவிடும். பளபளக்கும் தண்டைக் கட்டிங் பிளேயரால் பிடிக்கவே கூடாது; கீறல் விழுந்தால் ஆயில் சீல் போய்விடும். ஸ்பிரிங்கின் முனை, கிண்ணத்தில் இருக்கும் படியில் சரியாக முட்ட வேண்டும். பழைய நட்டுக்குப் பதில் புதுசு போடுங்கள்.

இனிதான் முக்கியமான இடம். சக்கரம் தொங்கும்போது கீழ் போல்ட்டை முழுசாக இறுக்காதீர்கள். ஷாக்கின் கீழ்முனை வளையத்தில் ரப்பர் புஷ் (நடுவில் குழாய் கொண்ட ரப்பர் உறை) இருக்கிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால் அதன் நடுக்குழாய் அந்தக் கோணத்திலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் முறுக்கியபடியே நிற்கும். என் முதல் வண்டியில் இதைத்தான் செய்தேன். சில மாதங்களில் புஷ் கிழிந்து ‘கடக் கடக்’ என்றது. கையால் திருகி விட்டு, சக்கரம் மாட்டி, வண்டியை இறக்கி, பின்பக்கத்தை நாலு முறை அமுக்கி விட்டபின் டார்க் ரெஞ்சால் (இறுக்கும் அளவைக் காட்டும் ரெஞ்ச்) இறுக்குங்கள். எவ்வளவு இறுக்குவது என்பது உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

ஒகேனக்கல் வரை ஒரு நடை போய் வந்து, எல்லா நட்டுகளிலும் மறுபடி ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்.