நல்ல பெயருக்காக நன்கொடை திரட்டும் மன்றங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து இளைஞர் மன்றத்துக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டால், கூட்டத்தில் உடனே எழும் யோசனை "ஏதாவது உதவி வழங்குவோம்" என்பதுதான். காசு சேர்த்து, பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுத்து, முகநூலில் படம் போட்டால் ஊர் மனம் மாறிவிடும் என்று நம்புகிறார்கள். உதவி தாராளமாகச் செய்யட்டும். ஆனால் அவசரப்பட்டால் மிச்சமிருக்கும் மதிப்பும் போய்விடும்.

ஊர் எதற்காகக் கோபப்பட்டதோ, அதை அப்படியே விட்டுவிட்டு வசூலுக்குக் கிளம்புவதுதான் பெரிய தவறு. திருவிழாவில் விடிய விடிய சவுண்ட் செட் போட்டதும், குடித்துவிட்டுச் சண்டை பிடித்ததும்தான் குறை என்றால், எத்தனை புத்தகப்பை கொடுத்தாலும் அந்தக் குறை அப்படியேதான் இருக்கும். மன்றத்துப் பையன்கள் லயத்துக்கு (தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு) போய்ப் பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்கட்டும். அடுத்த திருவிழாவில் சொன்ன நேரத்துக்குப் பாட்டை நிறுத்திக் காட்டட்டும். அதற்குச் செலவே இல்லை.

சரி, அப்புறம் காசு சேர்க்கலாம். எங்கே? சம்பளம் போடும் இடத்தில் மட்டும் வேண்டாம். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாயானதே 2021இல்தான். அடுத்த வருடமே விலைவாசி அதை விழுங்கிவிட்டது. கொழுந்து குறைந்து அரைப்பேர் (பாதி நாட்சம்பளம்) விழுந்த மாதத்தில், ஊழியர் சேமலாப நிதி, சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம் எல்லாம் கழிந்து கைக்கு வருவது கொஞ்சம்தான். அந்த நேரம் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு நாலைந்து பேர் முன்னால் நின்றால், எந்த அக்காவால் "இல்லை" என்று சொல்ல முடியும்? பக்கத்தில் நிற்பவர்கள் பார்க்கிறார்களே என்று கொடுப்பார். அது நன்கொடை ஆகாது. உறுப்பினர்கள் முதலில் தங்கள் பங்கைப் போடட்டும். பிறகு ஹட்டன், தலவாக்கலைக் கடைக்காரர்களிடமும், கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை செய்யும் ஊர்க்காரர்களிடமும் கேட்கலாம்.

வாங்கும் பிள்ளையின் முகத்தைப் படம் பிடித்துப் போடாதீர்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. மறுநாள் வகுப்பில் அந்தப் பிள்ளைதான் மற்றவர்களின் பேச்சைக் கேட்கவேண்டும். கொடுத்தவருக்கு ஒன்றும் ஆகாது. பொதியைப் பாடசாலை அதிபரிடம் கொடுத்தால் அவர் சத்தமில்லாமல் சேர்த்துவிடுவார்.

என்ன தேவை என்று கேட்காமல் வாங்குவதும் வழக்கமாகிவிட்டது. ஜனவரியில் எல்லாரும் கொப்பிதான் கொடுக்கிறார்கள். மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் ஒழுகும் லயக் கூரைக்குத் தகரமோ, இரவில் பிரசவ வலி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வாகனச் செலவோ கொடுக்க ஆளில்லை.

ஒரே நாளில் எல்லாவற்றையும் கொடுத்து முடிக்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு வந்தபோது நாடே ஓடிவந்து உதவியது. ஆனால் பிழைத்தவர்களுக்குப் புதிய வீடு கிடைக்க ஏறத்தாழ இரண்டு வருடம் ஆனது. கூட்டம் கலைந்த பிறகும் அவர்கள் தற்காலிக இடங்களில்தான் இருந்தார்கள். கையிலிருப்பதில் பாதியை அப்படியான மாதங்களுக்கு ஒதுக்கி வையுங்கள்.

கடைசியாகக் கணக்கு. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பட்டியல் போட வேண்டாம். குறைவாகக் கொடுத்தவர் கூசிப்போவார். மொத்த வரவு, செலவு, மிச்சம் மூன்றையும் எழுதிக் கோயில் சுவரில் ஒட்டினால் போதும். பேனருக்கும் பிரமுகரின் பொன்னாடைக்கும் அந்தக் காசில் ஒரு ரூபாய்கூட எடுக்கக்கூடாது.