சென்னையில் பூங்காவுக்குக் கிளம்பும் முன் கிழமையைப் பாருங்கள்

லீவு நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிண்டி சிறுவர் பூங்காவுக்குப் போகிறீர்களா? செவ்வாய்க்கிழமை அதற்கு விடுமுறை. பூட்டிய கேட்டைப் பார்த்து அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்துவது லேசான வேலையில்லை.

அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்துக்கு ஞாயிறு ஆகாது. மற்ற நாட்களிலும் காலையில் கொஞ்ச நேரம், மதியத்துக்குப் பிறகு கொஞ்ச நேரம்தான் உள்ளே விடுவார்கள். நேரத்தை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். அங்குள்ள பெரிய ஆலமரத்தின் அடிமரம் 1989 புயலில் சாய்ந்துவிட்டது. இப்போது நாம் பார்ப்பது விழுதுகள் ஊன்றி நிற்கும் மரத்தை. நடுத்தண்டைத் தேடிக் குழம்ப வேண்டாம். அந்தத் தோட்டம் பிக்னிக் போகும் இடமுமில்லை, சாப்பாட்டு மூட்டையை வீட்டிலேயே வையுங்கள்.

கோடையில் எந்தப் பூங்காவானாலும் ஒரு கணக்கு உண்டு: கடற்காற்று. மேற்கிலிருந்து வெக்கைக்காற்று பலமாக அடிக்கும் மே மாத நாட்களில் கடற்காற்று உள்ளே வர மதியம் தாண்டிவிடும். அதனால், அந்த நேரத்தில் திறந்திருக்கும் பூங்காவானால், ஒன்று விடிந்ததும் போங்கள், இல்லையென்றால் நாலு மணிக்கு மேல். வீட்டு மாடியில் காயும் துணி மேற்குப் பக்கமாகப் பறக்க ஆரம்பித்தால் காற்று திரும்பிவிட்டது, கிளம்பலாம். சாயங்காலம் என்றால் கொசு இருக்கும். பிள்ளைகளுக்கு முழுக்கால் பேண்ட் போட்டுவிடுங்கள்.