லோன் கேட்பதற்கு முன் சிபில் ரிப்போர்ட்டில் என்கொயரி பகுதியைப் படிப்பது எப்படி?

ஒரு இஎம்ஐ கூடத் தவறவில்லை, ஸ்கோர் 750-க்கு மேல், ஆனாலும் பெர்சனல் லோன் ரிஜெக்ட் ஆகிவிட்டது என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, சிபில் ரிப்போர்ட்டில், அதாவது உங்கள் கடன் வரலாற்று அறிக்கையில், என்கொயரி பகுதியைப் பார்த்தீர்களா என்றுதான். பெரும்பாலானவர்கள் ஸ்கோரைப் பார்த்ததும் மூடிவிடுகிறார்கள்.

நீங்கள் கடனுக்கோ கிரெடிட் கார்டுக்கோ விண்ணப்பித்ததும் வங்கி உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்கும். அப்படிப் பார்த்ததெல்லாம் ஒவ்வொரு வரியாக அங்கே பதிவாகும். இதுதான் ஹார்டு என்கொயரி. நீங்களே உங்கள் ஸ்கோரைப் பார்ப்பது இதில் சேராது, தினமும் பார்த்தாலும் ஸ்கோர் குறையாது.

1. முழு ரிப்போர்ட்டை எடுங்கள்

இந்தியாவில் நான்கு நிறுவனங்கள் நம் கடன் வரலாற்றைப் பதிவுசெய்து வைத்திருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். நான்குமே ஆண்டுக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தரவேண்டும், 2017 ஜனவரியிலிருந்து இது ரிசர்வ் வங்கியின் விதி. பான் எண்ணும், மொபைலுக்கு வரும் ஓடிபியும் இருந்தால் சில நிமிட வேலை. சந்தா திட்டங்களும் அதே தளங்களில் இருக்கும், இலவச ரிப்போர்ட் எது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வங்கி எந்த நிறுவனத்திடம் ரிப்போர்ட் எடுத்ததோ அங்கே மட்டும்தான் என்கொயரி ஏறும், அதனால் சிபிலில் இல்லாத வரி எக்ஸ்பீரியனில் இருக்கலாம்.

2. ஒவ்வொரு வரியையும் கணக்குகளோடு ஒட்டிப் பாருங்கள்

ஒரு வரியில் நான்கு விஷயம் இருக்கும்: யார் பார்த்தார்கள், எந்தத் தேதியில், எதற்காக, எவ்வளவு தொகைக்கு. பக்கத்திலேயே உங்கள் லோன், கார்டு கணக்குகளின் பட்டியலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். என்கொயரிக்குப் பிறகு கணக்கு ஒன்று திறந்திருந்தால் டிக் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். திறக்காத வரிகளைத் தனியாக எழுதுங்கள், அவைதான் முக்கியம்.

3. இப்போது வங்கிக்காரர் கண்ணால் படியுங்கள்

ஒரு உதாரணம். ஒரே மாதத்தில் 5 பெர்சனல் லோன் என்கொயரி, ஒவ்வொன்றும் 3,00,000 ரூபாய்க்கு, கணக்கு ஒன்றுகூடத் திறக்கவில்லை. வரிக்கு வரி ஸ்கோர் கொஞ்சம் இறங்கியிருக்கும், எத்தனை புள்ளி என்பது ஆளுக்கு ஆள் மாறும், நல்ல கட்டண வரலாறு உள்ளவருக்கு அது பெரிய அடி இல்லை. ஃபைலைப் பார்க்கிற கிரெடிட் ஆபீசரின் கவலை வேறு. இவருக்குப் பணம் அவசரமாகத் தேவைப்படுகிறது, மற்றவர்கள் மறுத்திருக்கிறார்கள் போல என்பது ஒன்று. அதைவிடப் பெரிய பயம், இந்த 5 பேரில் இரண்டு பேர் ஏற்கெனவே கடன் கொடுத்து, அது இன்னும் ரிப்போர்ட்டில் ஏறாமல் இருந்தால்? கடன் கொடுத்த விவரம் அன்றைக்கே ரிப்போர்ட்டில் வந்துவிடுவதில்லை. மாதம் ஒருமுறை அனுப்பிக்கொண்டிருந்தார்கள், 2025 ஜனவரியில் அது 15 நாளுக்கு ஒருமுறையாவது அனுப்பவேண்டும் என்று ஆனது. இடைப்பட்ட நாட்களில் ஏறிய இஎம்ஐ அவர் கண்ணுக்குத் தெரியாது. சம்பளத்தில் எவ்வளவு இஎம்ஐக்குப் போகிறது என்ற கணக்கே அங்கே ஆட்டம் கண்டுவிடும். ஸ்கோர் நன்றாக இருந்தும் "பிறகு பார்க்கலாம்" என்று சொல்வது பெரும்பாலும் இங்கேதான்.

வீட்டுக் கடனுக்கு ஒரே வாரத்தில் இரண்டு மூன்று வங்கியில் கேட்டிருந்தால் அவ்வளவு பயப்பட மாட்டார்கள், வட்டி ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார் என்று புரிந்துகொள்வார்கள். ஆனால் "45 நாளுக்குள் எத்தனை கேட்டாலும் ஒன்றாகத்தான் எண்ணுவார்கள்" என்று யூடியூபில் சொல்கிறார்களே, அது அமெரிக்க ஃபைக்கோ ஸ்கோர் பற்றியது. அதை நம்பி இங்கே பத்து வங்கி ஏறி இறங்க வேண்டாம்.

4. இந்த வரிகள் எங்கிருந்து வந்தன?

பலருக்கு அதிர்ச்சி இங்கேதான். லோன் ஏஜென்ட்டிடம் பான், சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் கொடுத்திருப்பீர்கள், அவர் எங்காவது ஒன்று பாஸாகட்டும் என்று நான்கு இடத்தில் உங்கள் பெயரில் விண்ணப்பம் போட்டிருப்பார். ஷோரூமில் டிவியை இஎம்ஐயில் வாங்கும்போதும் இப்படித்தான், ஒரு நிறுவனம் மறுத்தால் சேல்ஸ்மேன் அடுத்ததில் போடுவார். ஸ்கோர் காட்டும் ஆப்பில் பார்ப்பது வரை பிரச்சினை இல்லை, அதில் வரும் "உடனே விண்ணப்பியுங்கள்" பட்டனை அழுத்தி விவரம் கொடுத்தால் அது ஹார்டு என்கொயரியாக ஏறலாம். மச்சான் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டாலும் உங்கள் ரிப்போர்ட்டை எடுப்பார்கள்.

5. தெரியாத வரி இருந்தால்

பதறவேண்டாம், முதலில் ஆப்புக்கோ கடைக்கோ பின்னால் கடன் தரும் நிறுவனத்தின் பெயரா என்று தேடுங்கள். பெயர் வேறாகத்தான் இருக்கும். அப்படியும் சம்பந்தம் இல்லையென்றால் அந்த நிறுவனத்துக்கு மெயில் அனுப்புங்கள், கூடவே ரிப்போர்ட் தந்த நிறுவனத்தின் தளத்தில் டிஸ்ப்யூட், அதாவது இந்த வரி தவறு என்ற புகார், போடுங்கள். கடன் நிறுவனம் ஒப்புக்கொள்ளாமல் சிபில் தானாக எதையும் மாற்றாது. 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற விதி 2024 ஏப்ரலிலிருந்து இருக்கிறது, புகார் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறமும் பதில் சரியில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம்.

நீங்களே விண்ணப்பித்ததால் வந்த வரியை யாராலும் அழிக்க முடியாது. "சிபில் கிளியர் செய்து தருகிறோம்" என்று காசு கேட்பவரிடம் போகாதீர்கள்.

6. அடுத்த முறை கேட்கும்போது

சம்பளம் வரும் வங்கியின் ஆப்பில் ப்ரீ-அப்ரூவ்டு ஆஃபர் (வங்கியே முன்கூட்டித் தர முன்வரும் கடன்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு இடத்தில் மறுத்தால் அன்றைக்கே அடுத்த இடத்துக்கு ஓடாமல் காரணம் கேளுங்கள், கார்டு பாக்கி அதிகம் என்றால் அதைக் குறைத்துவிட்டு சில மாதம் கழித்துப் போகலாம். ஏஜென்ட் வழியாகத்தான் என்றால் "இந்த ஒரு வங்கியில் மட்டும் போடுங்கள், அடுத்ததில் போடும் முன் என்னிடம் கேளுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பிவிடுங்கள். உங்கள் ரிப்போர்ட்டை யாராவது எடுத்தால் எஸ்எம்எஸ்ஸோ மெயிலோ வரவேண்டும் என்பதும் இப்போது விதி, அதனால் சிபிலில் பழைய மொபைல் எண் கிடந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.