கதை எழுதும்போது ஏஐய எதுக்கு கூப்பிடலாம், எதுக்கு கூடாது

சாட்ஜிபிடி 2022 நவம்பர்ல வந்ததுலேர்ந்து எழுதுறவங்க கூடுற எடத்துலல்லாம் இதே பஞ்சாயத்துதான், யூஸ் பண்ணலாமா கூடாதான்னு. எந்த வேலைக்குன்னு கேட்டாதான இதுக்கு பதில் வரும்? நான் பாக்குறது ஒண்ணுதான், அந்த வேலைல சரி தப்புன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அது என் இஷ்டமா. சரி தப்பு இருந்தா ஏஐகிட்ட தள்ளுங்க, இஷ்டம்னா நீங்களே மண்டைய ஒடைச்சுக்கங்க.

'வீட்டு கதவு'ல க் விட்டுப்போச்சான்னு பாக்க ஏஐ கூட வேணாம், வாணி, நாவி மாதிரி தமிழ்ப் பிழைதிருத்திகளே போதும். ஆனா 1993ல நடக்கிற கதைல ஹீரோ செல்போன எடுத்து பேசுறான்னு வைங்க, இந்தியால செல்போன் சர்வீஸே 1995லதான் வந்துச்சு, இந்த மாதிரி ஓட்டைய புடிக்க முழு ட்ராஃப்டையும் குடுத்து "காலத்துக்கு ஒத்துவராதத மட்டும் சொல்லு, ஒரு வரியும் மாத்தாத"ன்னு கேளுங்க. அது சொல்ற வருஷத்தையும் ஒருதடவ செக் பண்ணிக்கங்க, கூசாம அடிச்சு விடும்.

டயலாக் மட்டும் குடுக்கவே குடுக்காதீங்க. திருநெல்வேலி பேச்சு வேணும்னு கேட்டா வரிக்கு வரி ஒரு 'லே' ஒட்டிட்டு வந்து நிக்கும், அம்மா மககிட்ட பேசுற எடத்துலயும் 'எங்கலே போற'தான், அந்த ஊர்ல பொம்பளப்புள்ளைய 'ஏட்டி, எங்க போற'ன்னுதான கேப்பாங்க. அதுக்கு அவ பதில் சொல்றாளா, இல்ல பேசாம செருப்ப மாட்டிட்டு கெளம்பிடுறாளான்றதுதான் கதையே, அதையும் மெஷின்கிட்ட விட்டுட்டா நாம எழுதுறது எதுக்கு?

நடுவுல மாட்டிக்கிட்டா "அடுத்த பாரா எழுது"ன்னு கேக்காம "இந்த கேரக்டர் பத்தி என்னய கேள்வி கேளு"ன்னு சொல்லிப் பாருங்க, பதில் சொல்லச் சொல்ல நமக்கே வழி தெரியும். முடிவு வேணும்னா பத்து கேளுங்க, கேட்டுட்டு பத்தையும் தூக்கிப் போடுங்க, அதெல்லாம் எல்லாருக்கும் டக்குனு தோணுற முடிவுங்க.

அனுப்புற எடத்தோட ரூல்ஸ முன்னாடியே படிச்சிருங்க. அமெரிக்கால கிளார்க்ஸ்வேர்ல்டுன்னு ஒரு அறிவியல் புனைகதை பத்திரிகை, ஏஐ கதைங்க வந்து குவிஞ்சு 2023 பிப்ரவரில கொஞ்ச நாள் கதை வாங்குறதையே நிறுத்திட்டாங்க. கிண்டில்ல போடுறதா இருந்தா ஏஐ எழுதினத நீங்க எவ்வளவு திருத்தியிருந்தாலும் அமேசான்கிட்ட சொல்லியாகணும், நீங்க எழுதினத ஏஐ வெச்சு திருத்தினா சொல்ல வேணாம். அதனால முதல் ட்ராஃப்ட அது பக்கமே போகாம எழுதி தனி ஃபைலா போட்டு வைங்க, எவனாவது சந்தேகப்பட்டா எடுத்து காட்டலாம்.