இருட்டுத் தார்சாவில் கத்திரி நாற்று

திருநெல்வேலி டவுனில் ரதவீதிகளுக்குப் பின்னால், ஒரே வளாகத்துக்குள் வரிசையாக ஒட்டி இருக்கும் வளவு வீடுகளுக்குள் போய் வந்தவர்களுக்குச் சங்கதி தெரியும். வாசலை ஒட்டிய தார்சா, அடுத்து கூடமான பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை என்று வீடு ஒரே நேராகப் போகும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், ஜன்னல் வைக்க வழியே கிடையாது. மத்தியானம் 12 மணிக்கும் லைட்டைப் போட்டால்தான் பேப்பர் படிக்கலாம். இந்த மாதிரி வீட்டுக்குள் கத்திரி, தக்காளி, மிளகாய் நாற்று விடுவது எப்படி என்றுதான் எழுதுகிறேன். எனக்குத் தொழில் ஒயரிங். அதனால் லைட் விஷயத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

தட்டட்டி, அதாவது மொட்டை மாடி இருக்கும்போது வீட்டுக்குள் எதற்கு என்று கேட்கலாம். புரட்டாசி வெயிலில் நாலு இலை முளை மத்தியானத்துக்குள் கருகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை அடிக்கிற அடியில் தட்டு நிரம்பி விதை வழிந்து ஓடும். மழை இல்லாத நாளிலும் வானம் மூட்டமாகவே கிடக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டாம். கார்த்திகை நடுவில் வீட்டுக்குள் விதைத்து, மழை ஓய்ந்து மார்கழிக் கடைசியில் தட்டட்டிக்கு ஏற்றினால், மாசியில் கத்திரிக்காய் பறிக்கலாம்.

முதலில் விதை. நெல்லைக்காரர் கூட்டுக்கும் குழம்புக்கும் வெள்ளைக் கத்திரிக்காய் கேட்பார். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி வெளியிட்ட கேகேஎம் 1 ரகம் கொத்துக்கொத்தாக, முட்டை வடிவில், பால்வெள்ளையாகக் காய்க்கும். தொட்டிக்கும் சரியாக வரும். தக்காளிக்கு பிகேஎம் 1 போதும். மிளகாய்க்குக் கோவில்பட்டி ரகங்கள் இருக்கின்றன. வெண்டை, கொத்தவரை, முள்ளங்கி, கீரை இதையெல்லாம் நாற்று விட்டு மெனக்கெட வேண்டாம், நேரே தொட்டியில் ஊன்றுங்கள். பாகல், புடலை, பீர்க்கு வேர் அசைந்தால் முகம் சுளிக்கும். அதைப் பேப்பர் கப்பில் போட்டு, இரண்டு இலை விட்டதுமே கப்பின் அடியைக் கிழித்து அப்படியே இறக்கிவிட வேண்டும்.

மண்ணுக்குப் பதில் தென்னை நார்க்கழிவுக் கட்டி. தண்ணீரில் ஊற வைத்து, பிழிந்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள். உப்பு போனால்தான் வேர் ஓடும். அதில் மூன்று பங்குக்கு ஒரு பங்கு மண்புழு உரம். கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது. சின்னச் சின்னக் குழிகள் இருக்கும் குழித்தட்டில் நிரப்பி, குழிக்கு இரண்டு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். பிறகு தட்டை ஒரு பிளாஸ்டிக் தாளால் மூடி வையுங்கள். இது வரைக்கும் வெளிச்சமே தேவையில்லை. இந்த விதைகளெல்லாம் இருட்டிலேயே முளைக்கும். குளிர் நாட்டில் விதைத் தட்டுக்கு அடியில் சூடு மெத்தை போடுவார்களாம். நம் ஊர் அடுக்களை மூலையில் கார்த்திகையிலும் அதற்கு வேண்டிய சூடு இருக்கிறது. தக்காளி ஒரு வாரத்துக்குள், கத்திரி ஏழு முதல் பத்து நாளில் வந்துவிடும். மிளகாய் இரண்டு வாரம் வரை இழுக்கும். அவசரப்பட்டுக் கிளறாதீர்கள்.

இனிமேல்தான் விஷயமே. முளை வெளியே வரும்போது தலையைக் கவிழ்த்து, கொக்கி போல வளைந்துதான் வரும். நார்க்கழிவைக் கீறிக்கொண்டு வெள்ளையாக அந்த வளைவு ஒன்றிரண்டு குழியில் தெரிந்தாலே மூடியிருக்கும் தாளை எடுத்து எறிந்துவிட்டு லைட்டுக்கு அடியில் கொண்டு போய்விட வேண்டும். சாயந்தரம் பார்த்துக்கொள்ளலாம், நாளைக்கு வைக்கலாம் என்று விட்டால், மறுநாள் காலையில் நூல் மாதிரி நீண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். அப்படி நீண்ட கத்திரியைத் திருத்துவது கஷ்டம்.

செடிக்கு என்று தனியாக ஊதா கலரில் லைட் விற்கிறார்கள். வேலை செய்யும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வெளிச்சத்தில் இலை பச்சையா மஞ்சளா என்று நமக்கே தெரியாது. சாதாரண 4 அடி, 20 வாட் எல்இடி ட்யூப் போதும். எலக்ட்ரிகல் கடையில் 300 ரூபாய்க்குள் கிடைக்கும். பெட்டியில் வெளிச்சத்தின் நிறத்துக்கு 6500 கெல்வின், வெளிச்சத்தின் அளவுக்குச் சுமார் 2000 லூமன் என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். குழித்தட்டுகளை வைக்கிற ராக்கில் ஒரு அடுக்குக்கு இரண்டு ட்யூப், நடுவில் அரை அடி இடைவெளி.

எத்தனை வாட் என்பதை விட எவ்வளவு பக்கத்தில் என்பதுதான் கணக்கு. கூரையில் எரிகிற ட்யூப் நமக்கு நல்ல வெளிச்சம், செடிக்கு அது இருட்டு. அதே ட்யூபை நாற்றின் தலைக்கு மேல் நாலைந்து விரக்கடை (விரல் அகலம்) உயரத்தில் தொங்கவிட்டால் கதையே வேறு. ட்யூபுக்குப் பக்கத்தில் தூரம் பாதியானால் வெளிச்சம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். செல்போனில் லக்ஸ், அதாவது ஒரு இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு, பார்க்கிற ஆப் இருந்தால் நாற்று மட்டத்தில் வைத்துப் பாருங்கள். அது தோராயம்தான், ஆனாலும் 10,000க்கு மேல் காட்டினால் நிம்மதியாக இருக்கலாம். எல்இடி ட்யூபின் சூடெல்லாம் பின்பக்க அலுமினியத்தில்தான் இருக்கும். முன்பக்கம் கையை வைத்தால் சுடாது, இலையும் கருகாது.

தொங்கவிடுவதற்குக் கடையில் விற்கிற மெல்லிய இரும்புச் சங்கிலி, இரண்டு முனையிலும் எஸ் கொக்கி. நாற்று வளர வளரச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியாக ஏற்றிக்கொண்டே போகலாம். ஒயரைப் பிடித்து லைட்டைத் தொங்கவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். தண்ணீரும் கரண்டும் ஒரே ராக்கில் இருக்கிறது. பிளக் பாயிண்டு தட்டுக்கு மேல் மட்டத்தில் இருக்கட்டும். ஒயர் பிளக்குக்குப் போகுமுன் ஒரு சாண் கீழே தொங்கி வளைந்து ஏறட்டும். அப்படியிருந்தால் ஒயர் வழியாக வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. தண்ணீர் ஊற்றும்போது சுவிட்சை அணைத்துவிடுங்கள். வீட்டில் இஎல்சிபி, அதாவது கரண்டு கசிந்தால் தானே அணைக்கிற சுவிட்ச், இல்லையென்றால் இந்தச் சாக்கில் போட்டுவிடுங்கள், நாற்றுக்காக இல்லை, பிள்ளைகளுக்காக.

தினம் 14 முதல் 16 மணி நேரம் எரிய வேண்டும். காலையில் வாசல் தெளிக்கும்போது போட்டு, ராத்திரி படுக்கப் போகும்போது அணைத்தால் சரியாக இருக்கும். விடிய விடிய எரியவிட்டால் இன்னும் நன்றாக வளரும் என்று நினைக்காதீர்கள். தக்காளி இலை மஞ்சளித்துப் போகும், அதற்கும் இருட்டு வேண்டும். ஒரு ட்யூப் 16 மணி நேரம் எரிந்தால் கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், மாதம் 10 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். இரண்டு ட்யூபுக்கு மாதம் 20 வைத்துக்கொள்ளுங்கள். நாற்று இலை விரித்து நின்ற பிறகு, பராமரிப்புக்காக ஒரு நாள் முழுக்கக் கரண்டு நிறுத்தினாலும் ஒன்றும் ஆகாது. மேல வீட்டு ஆச்சிதான் தினமும், "ஏ தம்பி, பட்டப்பகல்ல லைட்டப் போட்டு வச்சிருக்கியே, செடி என்ன பரீட்சைக்கா படிக்குது?" என்று கேட்பார். மாசியில் ஒரு படி கத்திரிக்காய் கொடுத்து வாயை அடைக்க வேண்டியதுதான்.

ட்யூபின் இரண்டு முனையிலும் வெளிச்சம் கம்மி. ஆகவே இரண்டு நாளைக்கு ஒரு முறை ஓரத்துத் தட்டை நடுவுக்கும் நடுத்தட்டை ஓரத்துக்கும் மாற்றுங்கள்.

தண்ணீரை மேலே ஊற்றாமல், ஒரு தாம்பாளத்தில் விட்டு அதில் குழித்தட்டை வையுங்கள். கால் மணி நேரத்தில் உறிஞ்சிக்கொள்ளும். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். நார்க்கழிவு கறுப்பாக இருந்தால் ஈரம், வெளிறினால் தண்ணீர் கேட்கிறது. தட்டைத் தூக்கிப் பார்த்தால் கையே கனத்தைச் சொல்லும். உப்புத் தண்ணீர் போர் வேண்டாம், தாமிரபரணித் தண்ணீர் வருகிற குழாயில் பிடியுங்கள். காற்று இல்லாத வீட்டில் எப்போதும் ஈரமாகவே வைத்திருந்தால் நாற்றழுகல் வரும். தண்டு மண்மட்டத்தில் கிள்ளியது போல நசுங்கி, செடி பச்சையாகவே படுத்துவிடும். வந்ததைக் காப்பாற்ற முடியாது, குழியோடு எடுத்து எறிய வேண்டும். வராமல் இருக்க, விதைக்குமுன் கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியைக் கலந்துவிடுங்கள். வீட்டு அளவுக்கு ஒரு சிட்டிகைதான். மேசை விசிறியைக் குறைந்த வேகத்தில் பகலில் சிறிது நேரம் ஓடவிடுங்கள். இலை லேசாக ஆடினால் போதும், தண்டும் தடிக்கும்.

எறும்பு இருக்கிறதே, அது விதையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ராக் கால்களைத் தண்ணீர் டப்பாவில் நிறுத்துங்கள். எலிக்குப் பாகல், புடலை விதை என்றால் உயிர். முளைக்கும் வரை கோழி வலையால் மூடுங்கள்.

முதல் இரண்டு இலை சாப்பாடு கேட்காது. அடுத்து வருகிற நிஜ இலை விரிந்ததும், வாரம் ஒரு முறை லிட்டருக்கு 10 மில்லி பஞ்சகவ்யா. குழிக்கு ஒரு செடியை விட்டு மற்றதைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள், பிடுங்கினால் பக்கத்து வேரும் வந்துவிடும்.

தக்காளிக்கு 25 நாள், கத்திரிக்கு 30 முதல் 35, மிளகாய்க்கு 40 நாள் ஆனால் நடலாம். அதற்கு ஒரு வாரம் முன்பே வெயிலைப் பழக்க வேண்டும். ட்யூப் வெளிச்சத்தில் வளர்ந்த இலைக்கு நம் ஊர் வெயில் என்னவென்றே தெரியாது, ஒரே நாளில் வெள்ளைத் திட்டுத் திட்டாக வெந்துவிடும். முதல் இரண்டு நாள் முற்றத்தில், நிழலில் மட்டும். பிறகு தட்டட்டியில் காலை 7 மணியிலிருந்து ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு, அப்படியே கூட்டி, மத்தியானத்துக்கு முன் இறக்கிவிடுங்கள். கடைசி இரண்டு நாள் ராத்திரியும் வெளியிலேயே கிடக்கட்டும்.

நடுவது சாயந்தரத்தில். தக்காளியை மட்டும் முதல் இலை வரைக்கும் ஆழமாகப் புதைக்கலாம், தண்டிலிருந்தே வேர் விடும். கத்திரியும் மிளகாயும் குழித்தட்டில் இருந்த அதே மட்டத்தில். காலித் தட்டுகளை பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவி, வெயிலில் காய வைத்துத்தான் அடுத்த விதைப்புக்கு எடுக்க வேண்டும்.